பூச்சிக்கு ஒரு மலை பார்த்தோம்

சின்னார் செக்போஸ்ட்டில் எங்கள் பிக்கப் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். காலை எட்டரை, ஒன்பது இருக்கும். வனக்காவலர் ஒருவர் பின்பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கியவர், அப்படியே இரண்டடி பின்னால் வந்தார்.

"என்ன சேச்சி இது, கரடியோ?" என்று முன்சீட்டில் இருந்த என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"கரடி இல்லீங்க. என்ற பையன்."

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் வண்டி ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். முன்னால் இடமிருந்தும் என் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் வைக்கோலைப் பரப்பி, நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தார். பொள்ளாச்சியில் டீக்கு நிறுத்தியபோது இறங்கவில்லை. உடுமலையில் இட்லி வாங்கி நீட்டினேன். அத்தனையையும் பிய்த்துப் பிய்த்து நாய்க்கு ஊட்டிவிட்டு, வெறும் இலையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

தார்ப்பாய் இடுக்கிலிருந்து ரோமம் அடர்ந்த ஒரு பெரிய தலை வெளியே வந்தது. காவலரை மோந்து பார்த்துவிட்டு, வேலைக்கு ஆகாதவர் என்று முடிவு செய்து மறுபடி உள்ளே போனது. காவலர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி வண்டியை விட்டார்.

நான் சிரிக்கவில்லை. அந்த நாயைக் கொண்டுபோய் விடுவதற்காக மலையேறிக்கொண்டிருந்தோம். முடிவு எடுத்தவள் நான்.

டாக்டரம்மா என்று பெயர்

இந்தத் தொடரில் அடுத்தவர் வீட்டு மாடு, எருமை, கோழிவரை எழுதிவிட்டேன். சொந்த வீட்டு நாயைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இந்த வாரம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் கேரளத்துக் கால்நடைத் துறையில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டராக இருந்தவள். இது நடந்தபோதும் வேலையில்தான் இருந்தேன். தடுப்பூசி, சினை ஊசி, சின்னச் சின்ன வைத்தியம் என் வேலை. டாக்டர் வேறு, நான் வேறு. ஆனால் ஊசியும் கையுமாக வாசலுக்கு வருகிற பெண் யாராக இருந்தாலும் ஊருக்கு அவள் டாக்டரம்மாதான். முதல் இரண்டு வருஷம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

துறையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. தயங்கமாட்டாள் என்று. கன்று குறுக்கே சிக்கிக்கொண்டால், டாக்டர் வரட்டும் என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கமாட்டேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிடுவேன். வாய்ப்பேச்சும் அப்படித்தான். "இந்த மாட்டை வித்துருங்க", "இந்த நாயை யாருக்காச்சும் குடுத்துருங்க" என்று எத்தனையோ வீடுகளில் நின்ற வாக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

உள்ளங்கையில் வந்தவன்

எங்கள் பக்கத்துத் தோட்டத்து ராணுவக்காரர் ஒருவர், வடக்கே பனிமலைப் பக்கம் வேலையில் இருந்தபோது ஒரு நாய்க்குட்டியை ரயிலில் கொண்டுவந்தார். அந்த மலைகளில் ஆட்டு மந்தையைக் காக்கிற ஜாதி. அதற்கும் எங்கள் ஊர்ப் பட்டி நாய்க்கும் பிறந்த ஐந்து குட்டிகளில் கடைசிதான் பூச்சி. என் வீட்டுக்காரர் அவனை உள்ளங்கையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"நாய் எங்கீங்க?" என்று கேட்டேன்.

"இதா, பூச்சியாட்டம் கெடக்குது பாரு" என்று கையை விரித்துக் காட்டினார். பேர் நிலைத்துவிட்டது. ஒன்றரை வருஷத்தில் அவன் என் இடுப்பு உயரம் வந்தான். பேரைக் கேட்டு ஊர் சிரித்தது.

அப்போது எங்களிடம் ஐம்பது, அறுபது ஆடுகள். குத்தகைக்கு எடுத்த ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பில் பட்டி. ஆடு முழுக்க என் வீட்டுக்காரர் பொறுப்பு. நான் அரசாங்க ஆடுகளைப் பார்த்தேன், அவர் எங்கள் ஆடுகளைப் பார்த்தார். பூச்சி ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவிலேயே தூங்கி, அவற்றோடு முட்டி விளையாடி வளர்ந்தான். அவன் மேல் எப்போதும் ஆட்டுப் புழுக்கை வாசமும் பிண்ணாக்கு வாசமும் அடிக்கும்.

இந்த ஜாதி அதிகம் ஓடாது, அதிகம் கடிக்காது. நிற்கும். ஆட்டுக்கும் ஆபத்துக்கும் நடுவில் போய்க் குறுக்கே நிற்கும். ஒருமுறை ஏழெட்டுத் தெருநாய்கள் வேலி புகுந்து வந்தபோது, பூச்சி அடித்தொண்டையில் ஒரே ஒரு உறுமல் போட்டுவிட்டு நின்றான். நாய்கள் கொஞ்ச நேரம் யோசித்தன. பிறகு வந்த வழியே போயின.

காலையில் பட்டிக் கதவைத் திறந்து, "போடா, ஆடு போகுது" என்று நான் ஒரு குரல் கொடுப்பேன். அவ்வளவுதான். சாயங்காலம்வரை அவனைப் பற்றிக் கவலை இல்லை.

பள்ளிக்கூட வேனை மறித்தவன்

குத்தகை முடிந்தது. தோப்புக்காரர் நிலத்தை விற்றார். தென்னைகளை வெட்டிச் செம்மண் ரோடு போட்டு மனைகளாகப் பிரித்தார்கள். என் முழங்காலும் அந்த வருஷம்தான் மக்கர் பண்ணியது. ஆடுகளை விற்றோம். எங்களுக்கு மிஞ்சியது எட்டு சென்டும் அதில் எங்கள் வீடும்.

ஆடுகள் போன மறுநாள் பூச்சி காலிப் பட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தானாகவே ஒரு வேலை தேடிக்கொண்டான். புது வீடுகளில் குடிவந்த மனுஷர்களையெல்லாம் மந்தையில் சேர்த்துக்கொண்டான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூரியர்க்காரரை அவன் காம்பவுண்டுச் சுவரிலிருந்து இறங்க விடவில்லை. கேஸ் சிலிண்டர் வண்டி திரும்பிப் போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்வீட்டு டீச்சரின் இரண்டு பெண்பிள்ளைகள். காலையில் பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடிக்கும். அந்தப் பிள்ளைகள் கேட்டைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தவுடன் பூச்சி போய்க் குறுக்கே நிற்பான். விலகிப் போனால் அந்தப் பக்கம் வந்து நிற்பான். தோளால் மெல்லத் தள்ளித் தள்ளிக் கேட்டுக்குள்ளேயே கொண்டுபோய் விடுவான். வழிதவறிய குட்டியைப் பட்டியில் சேர்ப்பதுபோல. முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். நாலாம் நாள் அழுதார்கள்.

டீச்சர் என்னிடம் வந்தாள். சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"டாக்டரம்மா, உங்க நாய் நல்ல நாய்தானுங்க. இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா என்ற புள்ளைக ஸ்கூலுக்குப் போகோணுமில்லீங்களா?"

அவள் சொன்னது நியாயம். அடுத்த வாரம் பஞ்சாயத்து மெம்பரும் வந்து அதையே இன்னும் கொஞ்சம் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சங்கிலி

ஊரெல்லாம் போய், காவல் நாயைக் கட்டிப் போடாதீர்கள் என்று சொன்னவள் நான். பூச்சியைக் கட்டினேன்.

முதல் நாள் அவன் சங்கிலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், படுத்துக்கொண்டான். மறுநாள் கடிக்க ஆரம்பித்தான். நாலைந்து நாளில் ஒரு கோரைப்பல் பாதியாக உடைந்து கிடந்தது. வெயில் காலம் வேறு. அந்த அடர்ந்த ரோமத்துக்குள் அவன் இரைப்பதைக் கேட்டுக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து, சங்கிலி உரசின இடம் சிவந்துபோனது. என் வீட்டுக்காரர் வேப்பெண்ணெயைத் தடவுவார். தடவிக்கொண்டே என்னைப் பார்ப்பார்.

"குடுத்துரலாமுங்க" என்று ஒருநாள் சொன்னேன். "ஓடியாட இடமிருக்கிற ஆளாப் பார்த்து."

அவர் எழுந்து கையைக் கழுவினார். வேப்பெண்ணெய் போக வெகுநேரம் கழுவினார்.

"ஆட்டை வித்துப்போட்டோம். இப்ப நாயையும் தொரத்தோணும்ங்கறே. அடுத்தது என்னையா அம்மிணி?"

அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றது. சாப்பாடு, மாத்திரை, கரண்ட் போச்சு, தண்ணி வந்தாச்சு. அதோடு சரி.

இருபது ஏக்கர்

பொள்ளாச்சிப் பக்கம் பண்ணைவீடு வைத்திருந்த ஒருவர், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுப் போன் பண்ணினார். இருபது ஏக்கர் என்றார். மனசு குளிர்ந்தது. நாயை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

இருபது ஏக்கர் இருந்தது, உண்மைதான். வாசல் கேட் பக்கத்தில் டைல்ஸ் ஒட்டிய ஒரு கூண்டும் இருந்தது. மின்விசிறிகூடப் போட்டிருந்தார்.

"ஆடு எத்தனை வச்சிருக்கீங்க?" என்றேன்.

"ஆடெல்லாம் இல்லீங்க. சனி ஞாயிறு கெஸ்ட் வருவாங்க. கேட்டுக்கிட்ட கம்பீரமா நின்னாப் போதுமுங்க."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்துவிட்டு, "உங்களுக்கு வேற நாய் சரியா வருமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். எவ்வளவு இடம் என்று தேடுவதை அத்தோடு விட்டேன். அவனுக்கு வேலை எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். வழியிலேயே ஒரு பெயர் ஞாபகம் வந்தது.

மூன்று நாள் கணக்கு

செல்வமேரியை நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து தெரியும். முதல் போஸ்டிங் மலைமேல் தேவிகுளம். அவள் அப்போது கல்யாணமாகி வந்த புதிது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலை. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறை. இப்போது வேலையை விட்டுவிட்டு, தேவிகுளத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் சொந்த பூமியில் வீடு கட்டி, இரண்டு மாடும் இருபதுக்கு மேல் ஆடும் வளர்க்கிறாள். சில வருஷங்களுக்கு முன் மாட்டுப்பட்டி என்ற ஊரில் ஆடு வளர்ப்போருக்கு ஒரு வகுப்பு எடுக்கப் போனபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதன்பின் ஆட்டுக்குக் கழிச்சல், குட்டிக்குச் சளி என்று அவ்வப்போது போன் பண்ணுவாள்.

இந்தத் தடவை நான் பண்ணினேன், பொள்ளாச்சியில் பஸ் மாற நின்ற இடத்திலிருந்தே.

"செல்வமேரி, உங்க பக்கம் காவல் நாய் யாருக்காச்சும் வேணுமா?"

"எனக்கே வேணும் டாக்டரம்மா. போன மாசம் ரெண்டு ஆட்ட செந்நாய் கொண்டுட்டுப் போயிருச்சு. பட்டப்பகல்ல."

பூச்சியைப் பற்றிச் சொன்னேன். கடைசியில், என் வழக்கமான குரலில், "ஒரு வாரம் முரண்டு பிடிப்பான். அப்புறம் மறந்துட்டுப் பழகிருவான்" என்றேன்.

அந்தப் பக்கம் மாட்டு மணி மட்டும் கேட்டது.

"அப்பயும் இதத்தான் சொன்னீங்க" என்றாள்.

"எப்ப?"

"டைகர குடுக்கச் சொன்னப்ப. மூணு நாள்ல மறந்துரும்னீங்க."

யோசித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. லயத்தில் நாய் வளர்க்கக் கூடாது என்று ஒரு சமயம் உத்தரவு வந்திருந்தது. செல்வமேரியிடம் ஒரு செவலை நாய். அழுதுகொண்டு என்னிடம் யோசனை கேட்டாள். கீழே போடிப் பக்கம் ஒரு தோட்டக்காரருக்கு நாய் வேண்டுமாம், கொடுத்துவிடு, மூன்று நாளில் மறந்துவிடும் என்று சொன்னேன். சாக்கில் போட்டு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். சில வாரங்களில் எனக்கு மாற்றல் வந்தது. அத்தோடு மறந்துபோனேன்.

"அது திரும்பி வந்துச்சு டாக்டரம்மா. பதினோரு நாளு கழிச்சு. போடியிலருந்து நடந்தே. உள்ளங்கால்ல தோலே இல்ல. லயத்து வாசல்ல வந்து படுத்துச்சு. ஒரு வாய் கஞ்சி குடிச்சுச்சு. மறுநாள் செத்துப்போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலைல்லா."

குரலில் கோபமே இல்லை. பால் கறக்கிற நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் போனைக் காதில் வைத்தபடி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். என்னைத் தாண்டி இரண்டு பஸ் போய்விட்டது. எத்தனை வீடுகளில் மூன்று நாள் கணக்குச் சொல்லியிருப்பேன் என்று எண்ண முயன்று முடியாமல் நிறுத்தினேன்.

"நாய நான் எடுத்துக்கிடுதேன்" என்றாள் செல்வமேரி. "ஆனா நீங்க கூடவந்து தங்கணும். எப்பப் போகணும்னு நான் சொல்லுதேன். போனபெறகு ஆறு மாசம் நீங்களும் ஐயாவும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது. சம்மதமா?"

இத்தனை வருஷ வேலையில் எனக்கு யாரும் நிபந்தனை போட்டதில்லை. நான்தான் போடுவேன்.

"சம்மதம்" என்றேன்.

மிச்சம் இருந்த ஆடு

சின்னாரைத் தாண்டி மறையூர் ஏறியதும் காற்று மாறியது. பின்னால் பூச்சி எழுந்து நின்று மூக்கை நீட்டிக்கொண்டு வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். பல மாதங்களாக அவன் இரைக்காமல் மூச்சுவிட்டுப் பார்த்ததில்லை.

செல்வமேரியின் வீடு ஒரு சரிவில். தகரக் கூரை, முன்னால் பட்டி, மேலே புல்வெளி, அதற்கும் மேலே கிராண்டிஸ் என்று அங்கே சொல்கிற யூகலிப்டஸ் மரங்கள். காற்றில் அந்த இலை வாசமும் விறகுப் புகையும். என் வீட்டுக்காரர் இறங்கினார். என்னோடு பேசாதவர் செல்வமேரியோடு கால்மணி நேரம் பேசினார்.

"இடிச் சத்தம் இவனுக்கு ஆகாதுங்க. இடிச்சா ஆராச்சும் பக்கத்துல நிக்கோணும். மீன் முள்ளுப் போட்டுறாதீங்க. ஒரு பல்லு ஒடஞ்சிருக்குது, எலும்பு சின்னதாப் போடுங்க."

செல்வமேரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவர் பூச்சியின் தலையில் கைவைத்து ஒருமுறை அழுத்திவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

காவல் நாயை மந்தையில் பழக்குவது எனக்குத் தெரிந்த வேலை. பட்டிக்குள் மூங்கில் தட்டி வைத்து ஒரு பக்கம் அவனை விட்டோம், மறுபக்கம் ஆடுகள். ஆட்டுப் படுக்கை வைக்கோலை அவன் இடத்தில் போட்டோம். இரண்டாம் நாள் தட்டியை எடுத்தோம். சிவப்புத் திட்டுப் போட்ட ஓர் ஆடு வந்து அவனை முட்டிப் பார்த்தது. அவன் பொறுமையாக வாங்கிக்கொண்டான். எல்லாம் சரியாக நடந்தது.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. ஆடுகள் மேய்ச்சலுக்கு மேலே ஏறினால் அவன் ஏறமாட்டான். நான் எங்கே உட்கார்கிறேனோ அங்கே வந்து என் கால்மேல் தாடையை வைத்துப் படுத்துவிடுவான். நான் மேலே போனால் மேலே வருவான். சாயங்காலம் செல்வமேரியும் அவள் வீட்டுக்காரரும் திருஇருதயப் படத்துக்கு முன் ஜெபமாலை சொல்லும்போது, நான் உள்ளே உட்கார்ந்திருந்தால் அவன் நிலைப்படியில் குறுக்கே படுத்திருப்பான்.

"ஆட்டையே மறந்துட்டானோ?" என்றேன் நாலாம் நாள்.

செல்வமேரி கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"மறக்கல டாக்டரம்மா. மந்தையெல்லாம் போயி நீங்க ரெண்டு பேருதான் மிச்சம்னு நெனச்சிருக்கு. ஐயாவும் போயிட்டாங்க. இப்ப அதுக்கு இருக்கது ஒரே ஒரு ஆடு. அத எப்படி விட்டுட்டுப் போவும்?"

என்னை ஆடு என்று என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் அவள். கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரி என்று உடனே தெரிந்தது.

"நாளைக்கிக் கெளம்பிருங்க" என்றாள்.

"அவன் தூங்கும்போது நைசாப் போயிரட்டுமா?"

கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தத் தப்ப மட்டும் பண்ணிராதீங்க. டைகருக்கு நாங்க எங்க போனோம்னு தெரியாது. சாக்குக்குள்ள இருந்துச்சு. அதனாலதான் தேடிக்கிட்டே வந்துச்சு. நீங்க சொல்லிட்டுப் போங்க. போறத அது பாக்கட்டும்."

சொல்லிவிட்டுப் போனது

மறுநாள் பத்து மணிக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப் ரோட்டை நோக்கி இறங்கினேன். அதே நேரம் செல்வமேரி ஆடுகளை மேல் சரிவுக்கு ஓட்டினாள். ஒரு நிறைசினைக் கருப்பாடு மட்டும் பின்தங்கி, நின்று நின்று ஏறியது.

பூச்சி என்னோடு வந்தான். கொஞ்ச தூரம் போனதும் நின்று மேலே பார்த்தான். ஓடிப்போய்க் கருப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பி என்னிடம் ஓடிவந்தான். மறுபடி மேலே. மறுபடி கீழே. மூன்றாவது முறை வந்தவன் பாதையில் எனக்குக் குறுக்கே நின்றான். டீச்சரின் பிள்ளைகளைத் தள்ளியதுபோலத் தோளால் என் முழங்காலைத் தள்ளினான்.

நான் குனிந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். "நான் ஊருக்குப் போறேன்டா. நீ இங்க இரு. இனி இதுதான் உன் இடம்" என்றேன். நாய்க்கு என்ன புரியும் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு நிமிர்ந்து, தோப்பில் தினமும் சொல்வேனே, அதே குரலில் சொன்னேன்.

"போடா, ஆடு போகுது."

குரல் பிசகாமல் வந்தது. காதை விறைத்தான். ஒரு நொடி. பிறகு சரிவில் பாய்ந்து ஏறினான். கருப்பாட்டின் பின்னால் போய்ச் சேர்ந்ததும் நடையைக் குறைத்துக்கொண்டு அதன் கூடவே நடந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் வளைவுவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

காணவில்லை

முதல் இரண்டு நாள், சாப்பிடவில்லை என்று செல்வமேரி போனில் சொன்னாள். மூன்றாம் நாள் கஞ்சி குடித்தான். நான் நிம்மதியாக ஆபீஸ் போனேன்.

நாலாம் நாள் காலையில் அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"டாக்டரம்மா, நேத்து சாயங்காலத்துலருந்து காணோம். எல்லா எடமும் தேடியாச்சு."

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, "மறையூர் ரோட்லதான் வருவான். வந்த வழி அவனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறிப் போனார். ஆறு மாத நிபந்தனையைச் சொல்லி நான் தடுக்கவில்லை. அந்தக் காலையில் நான் பூச்சியை நினைக்கவில்லை. தோல் உரிந்த நாலு உள்ளங்கால்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்குச் செல்வமேரி மறுபடி கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"இருக்கு டாக்டரம்மா! இதத் தேடுன அவசரத்துல ஆட்ட எண்ணாம விட்டுட்டேன். கருப்பாடு கூட்டத்த விட்டுப் பிரிஞ்சு ஓடைக்கிட்ட புதருக்குள்ள குட்டி போட்டிருக்கு. இது பக்கத்துலயே படுத்துக் கெடந்திருக்கு. நான் கிட்டப் போனா என்னையவே உறுமுது பாத்துக்கிடுங்க!"

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். உடுமலை பஸ் ஏறப்போகிற நேரம்.

"திரும்பி வாங்க. அவன் அங்கதான் இருக்கறான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"எத்தன குட்டி?"

"ரெண்டுங்க."

"கெடாயா, பொட்டையா?"

நான் அதைக் கேட்டுவைத்திருக்கவில்லை. "என்ன டாக்டரம்மா போ" என்றார். மாதக்கணக்கில் இல்லாத சிரிப்பு அந்தக் குரலில் இருந்தது. வரும்போது பொள்ளாச்சியிலிருந்து அல்வா வாங்கி வந்தார்.

ஊசி

ஆறு மாதம் முடிந்த மறுநாளே கிளம்பினோம். இந்த முறை இருவரும் முன்சீட்டில். பூச்சிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டிய மாதம். அங்குள்ள மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லிவிட்டு, மருந்தை ஐஸ் பிளாஸ்க்கில் எடுத்துப் போனேன்.

மேல் சரிவிலிருந்து குரைத்துக்கொண்டு இறங்கி வந்தான். ரோமம் இன்னும் அடர்ந்து, கழுத்துச் சிவப்பு மறைந்து, சேறும் ஆட்டு வாசமுமாக. நான் அசையாமல் நின்றேன். பத்தடி தூரத்தில் குரைப்பை நிறுத்தினான். மோந்தான். பிறகு அவன் பாய்ந்து வந்த வேகத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தேவிட்டார். அவர் முகம், காது, சட்டைப்பை எல்லாவற்றையும் நக்கினான். என் அக்குளில் தலையை நுழைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். அப்போது மேலே ஒரு குட்டி கத்தியது. அப்படியே உருவிக்கொண்டு ஓடிவிட்டான். என் வீட்டுக்காரரின் கை வெறும் காற்றைத் தடவியபடி நின்றது.

"போகட்டும். அவனுக்கு வேல கெடக்குது" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "நீ செஞ்சது செரிதான் அம்மிணி" என்றார்.

மத்தியானம் ஊசி போட உட்கார்ந்தோம். எப்போதும் அவர் பிடிப்பார், நான் போடுவேன். அன்றும் அவர் பிடிக்கப் போனார். பூச்சி நழுவிப் போய்ச் செல்வமேரியின் மடியில் தலையை வைத்துக்கொண்டான். நான் ஊசியோடு நெருங்கியதும் மெல்ல உறுமினான்.

"சும்மா இருடா. நம்ம டாக்டரம்மாதான்" என்றாள் அவள். அடங்கினான். போட்டேன்.

அவள் பேரில் புதுத் தடுப்பூசி அட்டை ஒன்று போட வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்திருந்தேன். நாயின் பேர் எழுதினேன். உடமஸ்தர், அதாவது சொந்தக்காரர், பேர் என்ற இடத்தில் செல்வமேரி என்று எழுதினேன். அடுத்த வரி வீட்டுப் பேர். கேரளத்தில் எந்த அரசாங்கக் காகிதமும் அதைக் கேட்கும். லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை. லயத்து நம்பரை எழுதிவிடுவார்கள். இந்த வீட்டுக்கு அதுவும் கிடையாது.

"வீட்டுப் பேர் என்ன எழுதட்டும்?" என்றேன்.

செல்வமேரி முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். "பூச்சி வீடுன்னு எழுதுங்க டாக்டரம்மா. கீழ ஜீப்புக்காரங்க, கடைக்காரங்க எல்லாரும் இப்ப அப்படித்தான் சொல்லுதாங்க."

என் வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நல்லாப் பெருசா எழுது அம்மிணி" என்றார்.

எழுதினேன்.